காங்கேசன்துறைக் கடற்கரை

கடற்கரைகளை இரு வகையாகப் பிரித்துப் பேசுவது உலக வழக்கு. உழைப்புக்குரிய கரைகள் சில. ஓய்வுக்குரிய கரைகள் சில. துறைமுகமும் ஆலையும் பண்டசாலையும் அமைந்த கரை முதல் வகையைச் சார்ந்தது. மணலும் மரநிழலும் அலையும் அன்றி வேறெதுவும் இல்லாத கரை இரண்டாம் வகையைச் சார்ந்தது. தொழிலூர் ஒன்றின் அயலிலே, பிள்ளைகுட்டிகளோடு சென்று மாலைப்பொழுதைக் கழிக்கத்தக்க அமைதியான கடற்கரையொன்று இருக்கும் என எவரும் எளிதில் எதிர்பார்ப்பதில்லை. ஆயினும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வட கரையிலே அத்தகைய ஊர் ஒன்று உண்டு. அதுவே காங்கேசன்துறை.

யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் காங்கேசன்துறை வீதி, கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் ஆகிய ஊர்களைக் கடந்து, ஏறக்குறைய 18 கிலோமீற்றர் தூரத்தில் கடலைச் சென்றடைகின்றது. வழிநெடுகிலும் செம்மண் தோட்டங்களும், வாழையும் வெங்காயமும், பனங்கூடல்களும் கண்ணுக்குக் குளிர்ச்சி தருவன. புகையிரதத்தில் வருவோருக்கும் இதுவே வட பாதையின் கடைசி நிலையம். 1902ஆம் ஆண்டிலே காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் முதன்முதலாகப் புகையிரதம் ஓடியது. 1905ஆம் ஆண்டில் அப்பாதை தெற்கோடு இணைந்தது. 1956ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் 'யாழ் தேவி' கொழும்புக் கோட்டையிலிருந்து காங்கேசன்துறை வரை தன் பயணத்தைத் தொடங்கிற்று. தண்டவாளம் முடிவடையும் இடத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால், பாக்கு நீரிணை நீல விரிப்பாகக் கண்முன் தோன்றும்.

இவ்வூரின் பெயருக்கு ஒரு மரபுக்கதை உண்டு. முன்னாளில் இது கயாத்துறை எனப்பட்டதாம். மாவிட்டபுரத்துக் கோயிலில் எழுந்தருளச் செய்வதற்கெனக் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட காங்கேயன் திருவுருவம் இத்துறையில் வந்திறங்கியமையால், காங்கேயன்துறை எனவும், பின்னர் காங்கேசன்துறை எனவும் பெயர் வழங்கலாயிற்று என்பர். குதிரை முகம் கொண்டிருந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி, அயலிலுள்ள கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அம்முகம் நீங்கப் பெற்றாள் என்பதும், கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் அங்கேயே நலம் பெற்றார் என்பதும் அக்கதையின் தொடர்ச்சியாகும். வரலாறு எதுவாயினும், இக்கரையின் பழங்கதைகள் யாவும் கடலையும் நன்னீரையும் சுற்றியே அமைந்துள்ளமை கருதத்தக்கது.

அந்நன்னீருக்கும், பிற்காலத்தில் இவ்வூரிலே எழுந்த ஆலைக்கும் மூலப்பொருள் ஒன்றே என்பது பலர் அறியாத செய்தி. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல்லால் ஆனது. ஆற்றுவளம் அற்ற அந்நிலத்தில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழையே ஆண்டு முழுவதற்கும் உரிய நீர்ச்செல்வம். மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளின் ஊடாக நிலத்தினுள் இறங்கி, கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துத் தனக்கு வழி அமைத்துக்கொண்டு, கடலை நோக்கி மெல்ல நகர்கின்றது. அவ்வாறு நகரும் நீர் கரையோரத்திலே மேலே வந்து வெளிப்படும் இடமே கீரிமலைக் கேணி. ஒருபுறம் கடல் அலை மோத, சில அடி தூரத்திலே நன்னீர் ஊறும் அதிசயத்தின் காரணம் இதுவே.

அதே சுண்ணாம்புக்கல் சீமெந்துக்கும் முதற்பொருள் ஆகின்றது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் உரிய அளவிற் கலந்து அரைத்து, பெருஞ்சூளையில் ஏறக்குறைய 1,450 பாகை வெப்பத்தில் எரித்தால் கட்டிக் கட்டியான பொருளொன்று கிடைக்கும். அதனுடன் சிறிதளவு சிப்சம் சேர்த்துப் பொடியாக்கினால் சீமெந்து. காங்கேசன்துறையிலே கல் இருந்தது, துறைமுகம் இருந்தது, புகையிரதம் இருந்தது. களிமண் மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து வந்தது. இவ்வசதிகள் ஒருங்கே அமைந்தமையால், நாட்டின் முதலாவது சீமெந்துத் தொழிற்சாலை இங்கே நிறுவப்பட்டு 1950ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. அப்போது கைத்தொழில் அமைச்சராக இருந்தவர் திரு. ஜி. ஜி. பொன்னம்பலம் ஆவார். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் வாழைச்சேனைக் காகிதத் தொழிற்சாலையும் அக்காலத்து முயற்சிகளோடு சேர்த்து எண்ணப்படுவன.

ஆலை வந்தபின் ஊரின் முகம் மாறிற்று. தொழிலாளரும் பொறியியலாளரும் எழுதுவினைஞரும் குடியேறினர். கடைத்தெரு வளர்ந்தது. புகைபோக்கிகள் பனைகளுக்கும் மேலாக உயர்ந்தன. வெளிச்சவீடும், துறைமுகத்தின் அலைதடுப்பு அணையும், ஆலையின் கட்டடங்களும் ஒருங்கே தோன்றும் அக்கரையில், கடற்றொழிலாளர் தம் வள்ளங்களைத் தள்ளிக்கொண்டு செல்வர். வேலை முடிந்தோர் மாலையிற் காற்று வாங்க வருவர். உழைப்பும் ஓய்வும் ஒரே கரையைப் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. குறை இல்லாத காலம் என்று அதனைக் கூறிவிட முடியாது. சூளையின் தூசு அயலூர்க் கூரைகளிற் படிவதும், கல் அகழ்ந்த குழிகள் ஆண்டுதோறும் அகன்று செல்வதும் ஆலைக்கு ஊர் கொடுத்த விலையாகும். ஆயினும், ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிந்தது.

1990ஆம் ஆண்டில் இவையனைத்தும் நின்றுபோயின. போர் மூண்டமையால் வலிகாமம் வடக்கு மக்கள் தம் வீடுவாசல்களை விட்டு வெளியேறினர். புகையிரதம் நின்றது. ஆலையின் சூளை அணைந்தது. பின்னர் அது எரியவேயில்லை. ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. கடற்கரைக்குச் செல்லும் வீதிகள் அடைபட்டன. காங்கேசன்துறையிற் பிறந்த பிள்ளைகள் பலர், தம் ஊர்க் கடலைக் காணாமலே முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வளர்ந்து பெரியோராயினர்.

அக்காலத்தில் அக்கடற்கரை மிக அமைதியாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. மணலிலே காலடி இல்லை. அலையிலே வள்ளம் இல்லை. ஆலையிலே ஓசை இல்லை. ஆனால், அவ்வமைதியை எவரும் விரும்பியிருக்க மாட்டார்கள். ஆளில்லாமையால் உண்டாகும் அமைதி ஒன்று. அச்சமில்லாமையால் உண்டாகும் அமைதி வேறொன்று. இவ்விரண்டையும் தமிழில் ஒரே சொல்லாற் குறிக்கின்றோம். காங்கேசன்துறைக் கடற்கரைக்கு இன்று செல்வோர், முதலாவது அமைதி இரண்டாவது அமைதியாக மெல்ல மாறிக்கொண்டிருப்பதையே அங்கு காண்கின்றனர்.

அம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின், காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. 2015ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி, இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலொன்று துறைமுகத்தை வந்தடைந்தது. ஏறக்குறைய 60 கடல் மைல் தூரமுள்ள அப்பயணம் 4 மணித்தியாலம் வரை எடுக்கும். கடல் கொந்தளிக்கும் பருவத்தில் அச்சேவை இடைநிறுத்தப்படுவதுண்டு. ஆயினும், ஒரு காலத்திலே காங்கேயன் வந்திறங்கியதாகச் சொல்லப்படும் துறையில் மக்கள் மீண்டும் வந்திறங்குகின்றனர். காணி விடுவிப்பு மட்டும் இன்னும் முற்றுப்பெறவில்லை. தம் வளவுக்குள்ளே கால்வைக்கும் நாளை எதிர்பார்த்திருப்போர் இன்றும் உளர்.

இனி, கடற்கரையின் இயல்பினை நோக்குவோம். பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது. பெருங்கடலின் நெடிய அலைகள் அதனுள் எளிதிற் புகுவதில்லை. வைகாசி முதல் ஆவணி வரையுள்ள காலத்தில், தென்மேற்குப் பருவக்காற்று வீசுவதால் காலி, கல்கிசை முதலிய தென்மேற்குக் கரைகளில் அலை உயர்ந்து எழும். அதே வேளையில் வட கரை நிலத்தின் மறைவில் இருப்பதால், கடல் பெரும்பாலும் தணிந்தே கிடக்கும். யாழ்ப்பாணத்தார் சோளகம் என்று சொல்லும் காற்று அது. பாடசாலைகளின் ஓகஸ்ட் விடுமுறை இக்காலத்தில் வருதல் குடும்பங்களுக்கு வாய்ப்பாக அமைகின்றது. ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்று எழுந்தால் நிலைமை தலைகீழாக மாறிவிடும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் இக்கடலில் இறங்குதல் தகாது. கரையில் நின்று காண்பதே நன்று.

கரை முழுவதும் ஒரே தன்மையது அன்று. மணற்பாங்கான இடங்களும், முருகைக் கல்லும் சுண்ணாம்புப் பாறையும் தலைநீட்டும் இடங்களும் மாறி மாறி வரும். மணல் உள்ள பகுதியிலே சிறுவர் முழங்காலளவு நீரில் விளையாடலாம். பாறைப் பகுதியிலே கூர்மையான விளிம்புகள் காலை வெட்டிவிடும், பாசி வழுக்கும். ஆகவே, இடத்தை அறிந்த ஊரவர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே நீரில் இறங்குதல் வேண்டும். அலைதடுப்பு அணையின் கற்களின்மேல் ஏறுதல் ஆபத்து. தணிந்த கடல் என எண்ணிப் பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டுப் பெரியோர் உரையாடலில் மூழ்கிவிடுதல் அதனினும் ஆபத்து. கடல் தணிந்திருப்பதும் சீறுவதும் ஒரு நாழிகைக்குள் மாறக்கூடும்.

மாலை நான்கு மணியளவில் வெயில் தாழத் தொடங்கியதும் குடும்பங்கள் வந்து சேரும். உந்துருளியில் வரும் இளந்தம்பதியர், வாடகை வண்டியில் வரும் பெருங்குடும்பத்தார், தெற்கிலிருந்து புகையிரதத்தில் வந்த சிங்கள யாத்திரிகர், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் எனப் பலதரப்பட்டோர் அக்கூட்டத்தில் இருப்பர். பாய் விரித்து அமர்ந்து, கொண்டுவந்த புட்டையும் வடையையும் பங்கிட்டு உண்பர். கச்சான் விற்போர் சுருள் சுருளாகக் கடதாசியில் மடித்துக் கொடுப்பர். நுங்குக் காலமாயின், வீதியோரத்திலே பனங்குலைகளைச் சீவிக் கொடுப்போரைக் காணலாம். பேரப்பிள்ளைகள் மணலிலே கோட்டை கட்டிக்கொண்டிருக்க, முதியோர் ஒருவர் கைத்தடியால் மேற்கே சுட்டிக்காட்டி, "அந்த மதிலுக்கு அப்பால் எங்கள் கிணறு இருந்தது, தண்ணீர் கற்கண்டு" என்று சொல்லுவதும் உண்டு. பிள்ளைகள் தலைநிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டுக் கோட்டை கட்டும் வேலையில் மீண்டும் ஈடுபட்டுவிடுவர். முதியோரும் அதனைக் குறையாக எண்ணுவதில்லை. பிள்ளைகள் அங்கு அச்சமின்றி விளையாடுவதே அவர்கள் காண விரும்பிய காட்சி.

கடலிற் குளித்தோர் மேற்கே சில கிலோமீற்றர் தூரத்திலுள்ள கீரிமலைக்குச் சென்று, கேணியின் நன்னீரில் உப்பைக் கழுவித் திரும்புதல் நல்ல வழக்கம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள் உண்டு. அருகிலே பஞ்ச ஈச்சரங்களுள் ஒன்றான நகுலேச்சரம் உள்ளது. ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்வதற்கென ஆயிரக்கணக்கானோர் அங்கே கூடுவர். மாவிட்டபுரக் கந்தசுவாமி கோயில் திருவிழாவின் தீர்த்தமும் அந்நாளிலே அங்கேயே நிகழும். ஒரே மாலையில் விளையாட்டும் நீராடலும் வழிபாடும் கைகூடும் கரை வேறு எங்கும் எளிதிற் கிடைப்பதன்று.

இவ்விடத்தில் நேயர்கள் ஒரு பொருளை ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். காங்கேசன்துறையில் மீண்டும் தொழில் தொடங்க வேண்டும், பழைய ஆலை நிலத்தில் கைத்தொழில் வலயம் அமைய வேண்டும் என்னும் பேச்சு அண்மைக் காலத்தில் வலுத்துள்ளது. இளைஞர் வேலை தேடி ஊரைவிட்டுப் போகும் காலத்தில் அப்பேச்சினை எவரும் தள்ளிவிட முடியாது. மீளக் குடியேறிய ஊருக்குக் கூரையும் கிணறும் மட்டும் போதா. உழைத்துண்ண வழியும் வேண்டும். கடற்கரை அழகாயிருத்தற் பொருட்டு ஊர் வறுமையில் இருத்தல் வேண்டும் என்று கூறுவது அறமாகாது.

ஆயின், வேலை தருகின்றது என்ற ஒரே காரணத்தால் எதனையும் எங்கும் அமைக்கலாம் என்பதும் பொருந்தாது. குடாநாட்டின் நீர் நிலை மிக நுட்பமானது. நிலத்தடியிலே நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. புத்தூருக்கு அயலிலுள்ள நிலாவரைக் கிணற்றிலே மேற்பகுதி நன்னீராகவும் அடிப்பகுதி உவர்நீராகவும் இருத்தலைக் காணலாம். நன்னீரை அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே ஏறும். கரையோரத்துச் சுண்ணாம்புக்கல்லை ஆழமாக அகழ்ந்தால் கடல்நீர் உள்ளே புக வழி பிறக்கும். கல்லின் வெடிப்புகள் வழியே நீர் மட்டுமன்றி, நிலத்திற் கொட்டப்படும் கழிவும் ஊர் ஊராகச் செல்லும். சுன்னாகத்திலே மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்த செய்தி யாவரும் அறிந்ததே. அவ்வழக்கில் 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா வரையில் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. பணம் கொடுத்துவிடலாம், கெட்ட கிணற்றை மீண்டும் நல்ல கிணறாக்குதல் எளிதன்று. கீரிமலைக் கேணியிற் பிள்ளைகள் குளிக்கும் நீர், பல ஊர்களின் நிலத்தடியிலே ஊர்ந்து வந்த நீர் என்பதனை ஆலை அமைப்போரும் ஊரவரும் மறத்தல் ஆகாது.

ஆகவே, கேட்கவேண்டிய கேள்வி தொழிலா, கடற்கரையா என்பதன்று. எத்தகைய தொழில், கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நீர் எடுத்து, கழிவை என்ன செய்யப் போகின்றது என்பனவே கேள்விகள். கல்லை அகழாத, நீரை அதிகம் குடியாத தொழில்கள் பல உண்டு. கரையோரத்தில் ஒரு பகுதி என்றும் பொதுமக்களுக்குத் திறந்திருத்தல் வேண்டும் என்பதனைத் திட்டம் வரையும்போதே எழுதிவைத்தல் வேண்டும். வேலியடைத்தபின் வழி கேட்பது கடினம். ஒருமுறை இருபது ஆண்டுகளுக்கு மேலாக அடைபட்டிருந்த கரைக்கு இது மிகையான வேண்டுகோள் அன்று. கடற்றொழிலாளரின் வள்ளங்களுக்கும் வலைகளுக்கும் உரிய இடமும் அவ்வாறே குறிக்கப்படுதல் வேண்டும். விருந்தினர் அமரும் மணல், அவர்கள் வலை உலர்த்தும் மணலும் ஆகும்.

கடற்கரைக்குச் செல்வோருக்கும் கடமை உண்டு. பொலித்தீன் பைகளையும் போத்தல்களையும் மணலில் விட்டுச் செல்லுதல் கூடாது. அவை கடலிற் சேர்ந்துவிடும். முருகைக் கற்களை வீட்டு அலங்காரத்துக்கெனப் பெயர்த்தெடுத்தல் ஆகாது. முருகைக்கல் அகழ்தலை 1988ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் தடை செய்துள்ளது. அக்கல்லே அலையின் வேகத்தைத் தடுத்துக் கரையைக் காப்பது. பெருத்த ஒலிபெருக்கியோடு வருவோர், அயலிலே கோயிலும் குடிமனையும் இருத்தலை நினைத்தல் வேண்டும். பிரதேச சபையாரும் குடிநீர், மலசலகூடம், குப்பைத் தொட்டி, நிழல் மரம், உயிர்காப்பாளர் ஆகிய ஐந்தினையும் குறைவறச் செய்து தருவாராயின், தாய்மாரும் முதியோரும் தயக்கமின்றி வருவர். குடும்பங்கள் நிறைந்திருக்கும் கரையிலே தீய ஒழுக்கம் தானே ஒதுங்கிவிடும்.

பாடசாலைகள் இக்கரையைத் திறந்தவெளி வகுப்பறையாகப் பயன்படுத்தலாம். ஒரு துண்டுச் சுண்ணாம்புக்கல், ஒரு குவளை கேணி நீர், ஒரு குவளை கடல்நீர் ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு புவியியலும் இரசாயனமும் வரலாறும் கற்பிக்கலாம். அணைந்துபோன ஆலையின் கட்டடத்தைக் காட்டிக் கைத்தொழிலின் பயனையும் விலையையும் எடுத்துரைக்கலாம். துறைமுகத்தைக் காட்டி அக்கரையிலுள்ள கோடிக்கரையையும் நாகப்பட்டினத்தையும் அறிமுகம் செய்யலாம். ஆனால், அப்பாடங்கள் முடிந்தபின் பிள்ளைகளை ஒரு மணி நேரமாவது மணலில் ஓடி விளையாட விடுதல் வேண்டும். அவர்களின் பெற்றோர் பலருக்கு அவ்வயதிலே அது கிடைக்கவில்லை.

அடுத்த ஓகஸ்ட் விடுமுறையிலே வடக்கு நோக்கிச் செல்ல எண்ணும் நேயர்கள், புகையிரதத்தின் கடைசி நிலையம் வரை தம் பயணச்சீட்டை எடுத்துக்கொள்வார்களாக. யாழ்ப்பாண நகரோடு திரும்பிவிடாது, இன்னும் 18 கிலோமீற்றர் சென்றால் காங்கேசன்துறை. மாலை நான்கு மணிக்குப் பாயும் கட்டுச்சோறும் கொண்டு கடற்கரைக்குச் சென்று, திரும்பும்போது குப்பையையும் தம்மோடு எடுத்துக்கொண்டு வருவார்களாயின், அவ்வூரவர் அவர்களை என்றும் மகிழ்ந்து வரவேற்பர்.